வாக்கியமா, திருக்கணிதமா? விஞ்ஞானிகளே, நீங்களும் சொல்லுங்க!

போன பங்குனி கடைசியில் பாட்டிக்குப் புது வருஷப் பஞ்சாங்கம் வாங்க மயிலாப்பூர் தெற்கு மாட வீதிக்குப் போயிருந்தேன். "ஒரு பஞ்சாங்கம் கொடுங்கண்ணா" என்றேன். கடைக்காரர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"வாக்கியமா, திருக்கணிதமா?"

திருதிருவென்று முழித்தேன். பாட்டிக்குப் போன் போட்டேன். "இதுகூடத் தெரியாம எதுக்குடா கடைக்குப் போனே? நம்ம வீட்ல வாக்கியம்தான். அட்டையிலயே போட்டிருக்கும், பார்த்து வாங்கிட்டு வா" என்று டோஸ் விழுந்தது. பார்த்தேன். நிஜமாகவே அட்டையிலேயே போட்டிருந்தது.

அதே வாரம் பெரியம்மா வீட்டுக்குப் போனபோது அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் ப்ராஜெக்ட் அசிஸ்டன்ட். எந்த ஊர், எந்தக் கூடம் என்பதெல்லாம் வேண்டாம், அவள் வேலை போய்விடும் :-) கடலோரக் கிணறுகளில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளந்து மேப் போடுவது அவர்கள் வேலை. அவளுக்கு முன்னால் அந்த வேலையைச் செய்தவர் வெளிநாடு போய்விட்டார். போகும்போது கம்ப்யூட்டரில் நாலு ஃபோல்டர் விட்டுப் போனார். பெயர்கள் இவை: "ஃபைனல்", "ஃபைனல் நியூ", "ஃபைனல் சார் சொன்னது", "ஃபைனல் இதை யூஸ் பண்ணவும்".

ரிப்போர்ட்டில் அச்சான மேப் ஒன்று இருக்கிறது. அதில் இந்த இந்தத் தெருக்களில் உப்பு ஆபத்தான அளவில் என்று சிவப்பு அடித்திருக்கிறார்கள். புது வருஷத்து அளவுகளைச் சேர்த்து அதே மேப்பைத் திரும்பப் போடச் சொல்லி அக்காவிடம் கொடுத்திருக்கிறார்கள். புது அளவைச் சேர்ப்பதற்கு முன்னால், பழைய அளவை வைத்து பழைய மேப் வருகிறதா என்று பார்க்கலாம் என்று புத்திசாலித்தனமாக ஆரம்பித்திருக்கிறாள். நாலு ஃபோல்டரையும் ஓட்டினால் நாலு மேப் வருகிறது. நாலில் ஒன்றுகூட ரிப்போர்ட்டில் இருக்கிற மேப் இல்லை! மூன்று மாசம் போராடிவிட்டு மேலே இருப்பவரிடம் போய்ச் சொன்னால் வந்த பதில்: "கிட்டத்தட்ட வருதில்லம்மா, விடு."

கிட்டத்தட்ட. இந்த ஒரு வார்த்தையின் மேல் வந்த கோபம்தான் இந்தப் பதிவு.

அந்த மேப்பைப் பார்த்துத்தான் யாரோ ஒரு அதிகாரி இந்தத் தெருவில் புதுசா போர் போடலாமா கூடாதா என்று முடிவு பண்ணுவார். யாரோ ஒரு குடும்பம் வீடு வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும். அந்தச் சிவப்பு எப்படி வந்தது என்று அதைப் போட்டவர்களுக்கே தெரியாது. ஆனால் சனி எந்தக் கணக்கில் பெயர்கிறது என்று மாட வீதிக் கடைக்காரருக்குத் தெரியும், என் பாட்டிக்குத் தெரியும், அட்டையைப் படித்தால் எனக்கும் தெரியும். இது எவ்வளவு பெரிய அவமானம் என்று சொல்லத்தான் இவ்வளவு நீட்டி முழக்குகிறேன்.

*

முதலில் விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். அக்கா செய்வது ஒரே ஒரு கணக்கு இல்லை, கணக்குகளின் வரிசை. கிணற்று அளவுகளை வாங்கு, தப்பாகத் தெரிகிறதைத் தூக்கு, விட்டுப்போன மாசத்துக்குப் பக்கத்து மாசங்களின் சராசரியைப் போடு, கிணறு இல்லாத இடத்துக்குச் சுற்றியிருக்கும் கிணறுகளை வைத்து மதிப்பிடு, கலர் அடி. இப்படி ஒன்றன் பின் ஒன்றாகப் போகிற வரிசைக்குத்தான் வொர்க்ஃப்ளோ என்று பெயர். சமையல் குறிப்பு மாதிரி. இன்றைக்கு மரபணு ஆராய்ச்சி, வானிலை, மூளை ஸ்கேன், பொருளாதாரம் எல்லாமே இப்படித்தான் நடக்கிறது.

இந்த வரிசையில் எங்கே கை வைத்தாலும் விடை மாறும். "தப்பாகத் தெரிகிறதைத் தூக்கு" என்பதில் எது தப்பு என்கிற எல்லையை மாற்றினால் மாறும். சராசரிக்குப் பதில் போன வருஷத்து அளவைப் போட்டால் மாறும். சாஃப்ட்வேர் அடுத்த வெர்ஷன் வந்தால் மாறும். ஏன், கம்ப்யூட்டரே மாறினால்கூட மாறும்.

கடைசியாகச் சொன்னது கதையில்லை. மூளை ஸ்கேனை அளக்க ஃப்ரீசர்ஃபர் என்று உலகம் முழுக்கப் பயன்படுத்தும் ஒரு மென்பொருள் இருக்கிறது. 2012ல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் ஒரே ஸ்கேன்களை அதன் வெவ்வேறு வெர்ஷன்களில் கொடுத்துப் பார்த்தார்கள். மூளைப் பகுதிகளின் கன அளவு பழைய வெர்ஷன்களுக்கும் 5.0.0க்கும் நடுவில் சராசரியாக 8.8 சதவிகிதம் வித்தியாசப்பட்டது. சில பகுதிகளில் 64 சதவிகிதம் வரைக்கும்! மேக் கம்ப்யூட்டரின் இயங்குதளம் 10.5ல் இருந்து 10.6 ஆனபோதும் வித்தியாசம் வந்தது. அதே மூளை சார். மண்டைக்குள் ஒன்றும் மாறவில்லை. ஒருவருக்கு இந்த வருஷம் ஒரு வெர்ஷனிலும் அடுத்த வருஷம் இன்னொன்றிலும் அளந்துவிட்டு, "உங்க மூளை சுருங்குது" என்று டாக்டர் சொன்னால் அந்த மனுஷன் கதி என்ன?

*

இப்போது பஞ்சாங்கத்துக்கு வருகிறேன். சயின்ஸ் பேசும்போது பஞ்சாங்கம் எதற்கு என்று பகுத்தறிவு நண்பர்கள் கல்லை எடுக்க வேண்டாம். ராசிபலனைப் பற்றி நான் பேசவே இல்லை. அதற்கு அடியில் இருக்கிற கணக்கைப் பற்றித்தான் பேசுகிறேன்.

சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17ல் வந்தது. வாக்கியப்படி அதே வருஷம் டிசம்பர் 20ல் வந்தது. திருநள்ளாறு கோயிலில் வாக்கியத்தைப் பின்பற்றுவதால் டிசம்பரில்தான் கூட்டம். அதற்கு முந்தைய பெயர்ச்சியிலும் இதே கதை: திருக்கணிதத்துக்கு 2020 ஜனவரி 24, வாக்கியத்துக்கு 2020 டிசம்பர் 27. ஒரே கிரகம், ஒரே ராசி, பதினோரு மாச வித்தியாசம். ஆனால் இதைப் பற்றி எந்த வீட்டிலும் குழப்பம் இல்லை. ஏனென்றால் எல்லோருக்கும் தெரியும், இது வேறு கணக்கு, அது வேறு கணக்கு என்று. தேதி வேறாக இருப்பதன் காரணத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் அட்டையில் இருக்கிறது.

வாக்கியம் என்கிற பெயரே சுவாரசியம். எழுத்துக்கு ஒரு எண் என்று வைத்துக்கொண்டு (கடபயாதி என்பார்கள்) எண்களைச் சின்னச் சின்ன வாக்கியங்களாக மாற்றி மனப்பாடம் செய்திருக்கிறார்கள். சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியம், ஒரு நாளைக்கு ஒன்று. ஏன் 248? சந்திரன் பூமிக்கு ரொம்பக் கிட்டே வந்து திரும்ப அதே நிலைக்கு வர சுமார் 27.55 நாள். ஒன்பது சுற்றுக்குக் கிட்டத்தட்ட சரியாக 248 நாள். (இங்கே கிட்டத்தட்ட எவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொல்ல முடியும், அதுதான் வித்தியாசம்!) இதில் ஒரு எழுத்து பிசகினால் வாக்கியமே உளறலாகி மாட்டிக்கொள்ளும். கம்ப்யூட்டர்காரர்கள் இப்போது செக்சம் என்று சொல்கிற வேலையை அர்த்தமே செய்துவிடுகிறது.

சரி, கணக்கு வானத்தோடு பொருந்தாமல் போனால்? அதற்கும் வழி இருந்தது. கேரளத்தில் 683ல் ஹரிதத்தர் பழைய கணக்கைத் திருத்தி ஒரு முறை கொடுத்தார். அதற்குப் பரஹிதம் என்று தனிப் பெயர். அதுவும் நாளாவட்டத்தில் விலகியபோது பரமேஸ்வரர் பல வருஷம் கிரகணங்களைக் கண்ணால் பார்த்து 1431ல் இன்னொரு முறை கொடுத்தார். அதற்கு திருக்கணிதம் என்று பெயர். யார் மாற்றினார், எந்த வருஷம், பழையதற்கு என்ன பெயர், புதியதற்கு என்ன பெயர்: நாலும் நம் கையில் இருக்கிறது. அக்காவின் சீனியர் போன வருஷம் செய்த மாற்றம் பற்றி இதில் ஒன்றுகூட இல்லை.

வாக்கிய முறையின் மூலநூலான வாக்கியகரணத்தைப் பதிப்பித்ததும் நம்ம மயிலாப்பூர்தான். 1962ல் குப்புசாமி சாஸ்திரி ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்டது. பதிப்பாசிரியர்கள் டி.எஸ். குப்பண்ண சாஸ்திரி, கே.வி. சர்மா. இந்த சர்மாதான் கேரள வானியல் சுவடிகளை ஒவ்வொன்றாகப் பதிப்பித்தவர். பல சுவடிகளை ஒப்பிட்டு, எந்தச் சுவடியில் எந்த இடம் வேறாக இருக்கிறது என்று பார்த்து அடிக்குறிப்பில் போடுவது இந்தப் பதிப்பு வேலையின் உயிர். இதற்குத் தமிழில் அழகான பெயரே இருக்கிறது: பாடபேதம். உ.வே.சா. 1894ல் புறநானூற்றைப் பதிப்பித்தபோதும் இந்த வேலையைத்தான் செய்தார். தனக்குச் சரி என்று பட்டதை மேலே போட்டுவிட்டு மற்றதைக் கிழித்துக் குப்பையில் போடவில்லை. கீழே வைத்தார். பின்னால் வருகிறவன் "இல்லை ஐயா, அந்தப் பாடம்தான் சரி" என்று சண்டை போடட்டும் என்று இடம் விட்டு வைத்தார்.

செல்லரித்த ஓலைக்குக் கொடுத்த இந்த மரியாதையை, நேற்று ராத்திரி கம்ப்யூட்டர் போட்ட கணக்குக்கு நாம் கொடுப்பதில்லை.

*

எனக்கு ரொம்பப் பிடித்த கதை ஒன்று. மெட்ராஸ் வானியல் கூடத்தில் பொறுப்பு வகித்த ஜான் வாரன் 1825ல் காலசங்கலிதம் என்று ஒரு புத்தகம் வெளியிட்டார். பாண்டிச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை வைத்து நகர்த்தி, மனப்பாடமாகத் தெரிந்த சொற்களில் இருந்து எண்களை எடுத்து, அந்த வருஷம் மே 31, ஜூன் 1 ராத்திரி வந்த சந்திர கிரகணத்தைக் கணக்குப் போட்டதை அவர் பதிவு செய்தார். அந்தப் பஞ்சாங்கக்காரருக்கு ஏன் இப்படிக் கூட்ட வேண்டும், ஏன் கழிக்க வேண்டும் என்கிற தத்துவம் தெரியாது. ஆனால் படிகள் அவ்வளவு கச்சிதம்.

127 வருஷம் கழித்து, 1952ல், ஓட்டோ நியூகேபவர் என்கிற வரலாற்றாசிரியர் அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கணக்கை எடுத்துப் பிரித்துப் பார்த்து எழுதினார்: தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிசகு. கணக்கு தப்பாக இருந்ததா? இருந்தது. ஆனால் எவ்வளவு தப்பு என்று சொல்ல முடிந்தது! கணக்குப் போட்டவர் இல்லை, வாரன் இல்லை, சோழியும் இல்லை. படிகள் மட்டும் இருந்தன. அது போதுமாக இருந்தது.

அக்காவின் சீனியர் உயிரோடு இருக்கிறார். வாட்ஸப்பில் ப்ளூ டிக் விழுகிறது. அவர் போட்ட மேப்பை ஒரு வருஷம் கழித்து எடுக்க முடியவில்லை.

இது அந்த ஒரு கூடத்தின் தலைவிதி மட்டும் இல்லை. இங்கிலாந்தில் மான்செஸ்டர், சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகக்காரர்கள் சேர்ந்து 2007ல் மைஎக்ஸ்பெரிமென்ட் என்று ஒன்று ஆரம்பித்தார்கள். விஞ்ஞானிகள் தங்கள் வொர்க்ஃப்ளோக்களைப் பொதுவில் வைத்துப் பகிர்ந்துகொள்ளும் இடம். நல்ல எண்ணம். 2012ல் அதில் இருந்து 92 வொர்க்ஃப்ளோக்களை எடுத்து ஓட்டிப் பார்த்தார்கள். ஏறக்குறைய 80 சதவிகிதம் ஓடவே இல்லை, அல்லது பழைய விடையைத் தரவில்லை. பெரிய காரணம், அவை நம்பியிருந்த வெளி டேட்டாவும் சேவைகளும் மாறிவிட்டன அல்லது மூடப்பட்டுவிட்டன. எத்தனைக்கு? அதிகபட்சம் ஐந்து வருஷத்துக்குள்! சோழி 127 வருஷம் தாங்கியது.

*

காமர்ஸ்காரனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கிறீர்களா? எங்கள் ஏரியாவிலும் இரண்டு கதை இருக்கிறது.

முதல் கதை. 2010ல் கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு பெரிய பொருளாதார மேதைகள் ஒரு கட்டுரை எழுதினார்கள். நாட்டின் கடன் ஜிடிபியில் 90 சதவிகிதத்தைத் தாண்டினால் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவிகிதத்துக்கு விழுகிறது என்றார்கள். செலவைக் குறை, மானியத்தை வெட்டு என்று சொன்ன அரசியல்வாதிகள் பலர் இதைத் தூக்கிப் பிடித்தார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் வகுப்பு அசைன்மென்ட்டுக்காக அதே கணக்கைப் போட்டார். வரவில்லை. திரும்பப் போட்டார். வரவில்லை. கடைசியில் ஆசிரியர்களிடமே கேட்டு எக்செல் ஃபைலை வாங்கினார். சராசரி எடுக்கும் ஃபார்முலாவில் ஐந்து நாடுகள் விட்டுப்போயிருந்தன. சில வருஷங்களைச் சேர்க்கவில்லை, சராசரிக்கு எடை போட்ட விதமும் கேள்விக்குரியது. எல்லாவற்றையும் சரி செய்து ஹெர்ண்டன் தன் பேராசிரியர்களோடு 2013ல் வெளியிட்ட விடை, பிளஸ் 2.2 சதவிகிதம். எக்செல் பிழை மட்டுமே அவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் கொண்டுவரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஃபைல் கைக்கு வரும் வரை எந்தப் பங்கு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மூன்று வருஷம் உலகம் விடையைப் பார்த்துச் சண்டை போட்டது. படிகளை ஒரு மாணவர் பார்த்தார், முடிந்தது சண்டை.

இரண்டாவது கதை நம் ஊர்க் கதை, அதுவும் சட்டம். 2023 ஏப்ரல் 1 முதல், இந்தியாவில் ஒரு கம்பெனி கணக்கு எழுத சாஃப்ட்வேர் பயன்படுத்தினால் அதில் ஆடிட் ட்ரெயில் கட்டாயம் இருக்க வேண்டும். ஒவ்வொரு என்ட்ரியும் எப்போது போடப்பட்டது, எப்போது மாற்றப்பட்டது, என்ன மாற்றம் என்று தானாகப் பதிவாக வேண்டும். அதை யாரும் ஆஃப் செய்யக்கூடிய மாதிரி இருக்கக் கூடாது. வருஷம் முழுக்க அது ஓடியதா, யாராவது கைவைத்தார்களா என்று ஆடிட்டர் தன் ரிப்போர்ட்டில் சொல்ல வேண்டும். டி.நகரில் ஒரு மாடிப்படிக்கு அடியில் நாலு பேரை வைத்து நடக்கிற பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கும் இதுதான் சட்டம்.

யோசித்துப் பாருங்கள். அந்த நாலு பேர் கம்பெனி, ஸ்டேஷனரி செலவு 450 ரூபாய் என்று போட்டதை 540 என்று மாற்றினால் அதற்கு ரெக்கார்டு வேண்டும். ஒரு ஊரே குடிக்கிற தண்ணீரைப் பற்றிய கணக்கில் "தப்பாகத் தெரிகிறதைத் தூக்கு" என்கிற எல்லையை ஒருவர் மாற்றினால் அதற்கு ரெக்கார்டு வேண்டாம். "சார் சொன்னது" போதும். என்ன நியாயம் இது?

*

இனி, வரப்போகிற சமாதானங்கள். அக்காவிடம் சொன்னவை, நான் கேட்டவை.

"விடை சரியா இருந்தா போதாதா?" விடை சரி என்று எப்படிச் சார் தெரியும்? கிரகணம் என்றால் மொட்டை மாடிக்குப் போய் வாட்சைப் பார்க்கலாம். நிலத்தடியில் உப்பு எங்கே போகிறது என்று எந்த மாடியில் ஏறிப் பார்ப்பது? நேரில் சரிபார்க்க முடியாத இடத்தில் படிகளைத் தவிர நமக்கு வேறு சாட்சியே கிடையாது.

"ஃபைலுக்கு தேதி போட்டு வைக்கிறோமே?" தேதி போட்டால் எப்போது என்று தெரியும். என்ன, ஏன் என்று தெரியாது. அதுவும் ஃபைலைக் காப்பி பண்ணினாலே தேதி மாறிப்போகும். பெயரும் அப்படித்தான், யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் "ஃபைனல்" என்று பெயர் வைக்கலாம். அதனால்தான் கிட் மாதிரியான கருவிகள் வந்தன. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ல் எழுதியது, இலவசம். ஃபைலில் இருக்கிற எழுத்துகளில் இருந்தே ஒரு நீளமான கைரேகை எண்ணைத் தயாரிக்கிறது. உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை மொத்தமாக மாறிவிடும். பொய் சொல்ல முடியாது. ஆனால் கைரேகை "இது வேறு" என்று மட்டும்தான் சொல்லும், எதனால் வேறு என்று மனுஷன்தான் எழுத வேண்டும். ஆக மூன்றும் வேண்டும்: மனுஷனுக்குப் புரியும் பெயர், ஏமாற்ற முடியாத கைரேகை, எதிலிருந்து எதற்காக மாறியது என்ற ஒரு வரி. பஞ்சாங்கத்தில் பெயர் இருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் ஆடிட் ட்ரெயில் இருக்கிறது. ஆராய்ச்சியில் இரண்டையும் சேர்க்கச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

"ஸ்க்ரிப்டை கிட்டில் வைத்தால் முடிந்ததா?" இல்லை. ஃபிரீசர்ஃபர் கதையில் ஸ்க்ரிப்டே மாறவில்லை. உள்ளே போன டேட்டா எந்த நாள் டேட்டா, எந்த சாஃப்ட்வேர் எந்த வெர்ஷன், என்ன எல்லைகள், எந்தக் கம்ப்யூட்டர் என்று எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு வொர்க்ஃப்ளோவின் அடையாளம். இதையெல்லாம் தானாகக் குறித்துக்கொள்ளும் கேலக்ஸி, நெக்ஸ்ட்ஃப்ளோ போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே இருக்கின்றன. கருவி இல்லை என்று யாரும் அழ வேண்டாம்.

"நேரம் இல்லப்பா." மூன்று மாசம் அக்கா வீணடித்தாளே, அது யார் நேரம்? மாற்றும்போது எழுத வேண்டியது ஒரு வரி. "சாரின் யோசனைப்படி எல்லையை மாற்றினேன், காரணம் இன்னது." ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்தை மிச்சம் பிடித்தவர் சம்பளம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். வட்டியோடு கட்டுவது, அடுத்து வந்த, அதைவிடக் குறைந்த சம்பளம் வாங்குகிற பெண். நேரம் மிச்சமாகவில்லை, கடனைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். பேலன்ஸ் ஷீட்டில் காட்டாத கடன்.

"எழுதி வச்சா தப்பு வெளியே தெரிஞ்சிடுமே." இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் எல்லாச் சமாதானத்துக்கும் அடியில் இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். ஆமாம், தெரியும். தெரியத்தானே வேண்டும்?

இந்த இடத்தில் என்னையே ஒருவர் மடக்கலாம். "வாக்கியம் என்று அட்டையில் போட்டதால் அது சரியாகிவிட்டதா? டெலஸ்கோப் வைத்துப் பார்த்தால் சனி திருக்கணிதம் சொல்கிற இடத்தில்தானே இருக்கிறது?" உண்மை. அதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் நம் ஊர்க்காரரே. சிந்தாமணி ரகுநாதாச்சாரி, நுங்கம்பாக்கம் மெட்ராஸ் வானியல் கூடத்தில் முதல் உதவியாளராக இருந்தவர், 1867ல் ஆர் ரெட்டிகுலி என்ற நட்சத்திரம் ஒளி மாறுவதைக் கண்டுபிடித்தவர். பழைய கணக்கை விட்டுவிட்டு, கண்ணால் பார்ப்பதோடு ஒத்துப்போகிற திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கு வாருங்கள் என்று வாதாடியவர். அவரால் ஏன் வாதாட முடிந்தது? எதிரே இருந்த கணக்குக்கு ஒரு பெயரும், அசையாத படிகளும் இருந்ததால். "இந்தக் கணக்கு இந்த இடத்தில் பிசகுகிறது" என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தது. பெயர் எழுதி வைத்தால் தப்பு சரியாகிவிடாது. ஆனால் தப்பைச் சரிசெய்ய ஒரு பிடி கிடைக்கும். "ஃபைனல் நியூ"வோடு ரகுநாதாச்சாரியாலும் சண்டை போட முடியாது. எதோடு சண்டை போடுகிறோம் என்றே தெரியாதே!

*

ஆக நான் கேட்பது மூன்றே விஷயம். அரசாங்கப் பணத்தில் நடக்கிற எந்த ஆராய்ச்சியிலும், வெளியே போகிற ஒவ்வொரு மேப்புக்கும் கிராஃபுக்கும் கீழே அது எந்த வெர்ஷன் கணக்கில் வந்தது என்று ஒரு வரி இருக்க வேண்டும். கணக்கில் கை வைத்தவர் யார், ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும், அந்த "சார்" சொல்லியிருந்தால் சாரின் பெயரும் அதில் வர வேண்டும். பழையதை அழிக்கக் கூடாது, பாடபேதம் மாதிரி கீழே வைத்திருக்க வேண்டும். கம்பெனிகளுக்குச் சட்டம் போட முடிந்த நாட்டில் இது முடியாதா?

அக்கா இப்போது என்ன செய்தாள் தெரியுமா? நாலு ஃபோல்டரையும் தொடாமல் அப்படியே பூட்டி வைத்துவிட்டு, ஐந்தாவதாகத் தன் கணக்கை முதலில் இருந்து எழுதியிருக்கிறாள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரி. புது மேப்புக்குக் கீழே "இந்தக் கணக்கு முந்தைய ரிப்போர்ட்டின் கணக்கு அல்ல, இரண்டையும் ஒப்பிட வேண்டாம்" என்று ஒரு குறிப்பும் போட்டாள். அந்தக் குறிப்பை எடுத்துவிடச் சொல்கிறார்கள். படிக்கிறவர்கள் குழம்பிவிடுவார்களாம். அவள் எடுக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாள். என்ன ஆகும் என்று தெரியவில்லை.

குழம்பிவிடுவார்களா? என் பாட்டி எட்டாவது வரைதான் படித்தவர். பதினோரு மாச இடைவெளியில் ஒரே சனி இரண்டு தடவை பெயர்ந்ததற்கு அவர் குழம்பவே இல்லை. "அது வேற கணக்குடா" என்றார், அவ்வளவுதான். ஜனங்கள் குழம்ப மாட்டார்கள் சார். கேட்டால் சொல்லுங்கள். வாக்கியமா, திருக்கணிதமா?

டிஸ்கி: எங்கள் காலேஜ் ப்ராஜெக்ட் ஃபோல்டரில் "ஃபைனல் 3 கரெக்டட்" என்று ஒரு ஃபைல் இருப்பதாக என் டீம் நண்பர்கள் கூவுவது கேட்கிறது. பெயர் வைத்தது நான்தான். நேற்றோடு திருந்திவிட்டேன் :-)